ஓட்டுமேல் உட்கார்ந்திருக்கும் மந்தி

கேள்வி: ஆனைமலைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. காலையில் சாளைக்குள் (தோட்டத்து வீட்டுக்குள்) புகுந்த குரங்குகளை விரட்டினோம், ஒரு குட்டி மாட்டிக்கொண்டது. தாய் ஓட்டுமேல் உட்கார்ந்து கத்தியது, மதியத்துக்கு மேல் சத்தமில்லை. மறந்துவிட்டதோ? மனுசக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்கிறார் அம்மிச்சி. நாங்களே வளர்க்கலாமா?

பதில்: வேண்டாங்க. இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

கத்துவது நின்றதால் தவிப்பு தீர்ந்தது என்று ஆகாது. அமெரிக்காவில் 1970களில் சீமோர் லெவைன் என்ற ஆய்வாளரின் குழுவினர் அணில் குரங்கு என்ற சிறு குரங்கினத்தில் தாயையும் குட்டியையும் பிரித்து, அரை மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டுக்குமே கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு எகிறியிருந்தது. பிடித்துப் பிரித்த கையோடு திரும்பச் சேர்த்த ஜோடிகளுக்கு அப்படி ஏறவில்லை. ஆக, வதைத்தது பிடிபட்ட பயமல்ல, பிரிவு. மற்ற பெண் குரங்குகள் பார்த்துக்கொண்ட குட்டிகள் வெளியே சாதுவாகத்தான் இருந்தன, உள்ளே கார்டிசால் ஏறியே இருந்தது.

அம்மிச்சிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அங்கே பட்டதும் மனுசக் கைதான், மந்திகள் குட்டியை வாங்கிக்கொண்டன.

தடித்த சாக்கால் குட்டியைப் பிடித்துக் கூடையில் விட்டு, தாய் கண்ணில் படும் மரத்தடியில் திறந்து வையுங்கள். நாயைக் கட்டிவிட்டு எல்லோரும் தள்ளிப் போய்விடுங்கள். பழம், பிஸ்கட் வைக்காதீர்கள், கூட்டம் மொத்தமும் அதற்குத்தான் பாயும். குட்டி குரல் கொடுத்தால் போதும். தாய் இறங்கி வாரி வயிற்றோடு அணைக்கும், குட்டி உடனே காம்பைத் தேடும். அந்த நேரத்தில் போட்டோ எடுக்கக் கிட்டப் போனால் கடிதான். கடிபட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தாய் நகர்ந்துவிட்டாலும் கூட்டம் அருகில் இருந்தால் முயன்று பாருங்கள். நம்மூர் நாட்டுக் குரங்குகளில் தாயில்லாக் குட்டியை மற்ற பெண் குரங்குகள் அணைத்துக்கொண்டதை 1960களிலேயே ரோசன்ப்ளம், காஃப்மன் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இருட்டுவதற்குள் எதுவும் வரவில்லை, அல்லது குட்டிக்குக் காயம் என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்ப்பது குற்றம். பாசத்தில் இங்க் பில்லரால் பால் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

அப்புறம், சாளை ஜன்னலுக்கு ஒரு கம்பி வலை அடித்துவிடுங்கள்.