கலாநிதி ஆய்வுக் குறிப்புகள் சிதறிக் கிடந்தால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகப் பணிபுரிந்தவாறே பகுதிநேரமாகக் கலாநிதிப் பட்ட ஆய்வைச் செய்துவருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கு வெளிவந்த பத்திரிகைகளே என் ஆய்வுப் பொருள். கைத்தொலைபேசியில் எடுத்த பத்திரிகைப் பக்கங்கள், குறிப்புக் கொப்பிகள், பாமினியில் தட்டச்சுச் செய்த பழைய கோப்புகள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒரு மேற்கோளை எங்கிருந்து எடுத்தேன் என்று தேடுவதிலேயே நேரம் போகிறது. எந்த மென்பொருளை வாங்கலாம்? கொப்பிகள் முழுவதையும் கணினியில் ஏற்ற வேண்டுமா?

பதில்: எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டாம், உங்களுக்கு வேண்டிய செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மேற்கோள் எங்கிருந்து வந்தது என்று தேடுவதாக எழுதியிருக்கிறீர்களே, உங்கள் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம், அதை எங்கே பார்த்தீர்கள் என்ற நான்கும் இல்லாமல் எந்தக் குறிப்பும் தனியே நிற்கக்கூடாது. இந்த நான்கையும் குறிப்போடு பிணைத்து வைக்க உதவுகிறதா என்பதைக் கொண்டே ஒரு கருவியைத் தெரிவுசெய்ய வேண்டும்.

முதலில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை, இன்று கணினிகளில் பொதுவாக வழங்கும் ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றுங்கள். பாமினி திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துகளின் கோவைதான். எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்தின் குற்று இருந்த இடங்களில் அரைப்புள்ளிகளும் பிற குறிகளும் மட்டுமே மிஞ்சும். அத்தகைய கோப்பில் நீங்கள் ஒருங்குறியில் தட்டச்சிடும் எந்தச் சொல்லும் தேடலில் அகப்படாது. இணையத்தில் இலவச மாற்றிகள் உள்ளன. ஆனால் தமிழ்ப் பந்திக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழாக்கிப் பொருளற்ற எழுத்துகளாக்கிவிடும் என்பதால், மாற்றிய பின் ஒருமுறை வாசித்துத் திருத்த வேண்டும்.

உசாத்துணைகளைச் சேர்த்துவைக்க சொட்டேரோ (Zotero) போதும். அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006 இல் வெளிவந்த இந்தத் திறந்த மூல மென்பொருள், வேர்ட், லிப்ரே ஒஃபிஸ் இரண்டிலும் அடிக்குறிப்பையும் உசாத்துணைப் பட்டியலையும் தானே அமைத்துத் தரும். பதிவுகளை இணையத்தில் ஒத்திசைக்கக் கட்டணமில்லை. பிடிஎஃப் போன்ற இணைப்புக் கோப்புகளுக்கு மட்டும் 300 மெகாபைட் என்ற இலவச எல்லை உண்டு.

தமிழ்ப் பெயர்களை உள்ளிடுகையில் சற்று நிதானம் வேண்டும். பெயரைக் குடும்பப் பெயர், முதற்பெயர் என இரண்டாகப் பிரிப்பதே இந்த மென்பொருளின் இயல்பு. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற முதலெழுத்துள்ள பெயர்களுக்கு இது பொருந்தும். ஆறுமுக நாவலரை அப்படிப் பிரித்தாலோ, பட்டியலில் அவர் ‘நாவலர், ஆறுமுக’ என்று ‘ந’ எழுத்தின் கீழ் போய் அமர்ந்துவிடுவார். பெயர்ப் பெட்டியின் ஓரத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தி, அதை ஒற்றைப் பெட்டியாக்கிக்கொள்ளுங்கள். பட்டியலின் அகரவரிசையையும் கண்ணால் சரிபாருங்கள். ஒருங்குறியின் குறியீட்டு வரிசையில் றகரம் ரகரத்தையும் னகரம் நகரத்தையும் அடுத்து வருவதால், நம் நெடுங்கணக்கு முறை சில வேளை குலைந்துபோகும்.

பத்திரிகைப் படங்களுக்கு டிரோபி (Tropy) என்ற இலவசச் செயலியைப் பரிந்துரைப்பேன். ஆவணக் காப்பகங்களில் படமெடுக்கும் ஆய்வாளர்களுக்காகவே அது உருவாக்கப்பட்டது. 1841 இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய உதயதாரகையின் ஓர் இதழை நீங்கள் நான்கு படங்களாக எடுத்திருந்தால், அந்த நான்கையும் ஓர் உருப்படியாக இணைத்து, திகதியையும் படியெடுத்த பகுதியையும் அதன் கீழேயே எழுதிவைக்கலாம். உள்ளிடுவதற்கு முன், படங்களை இனி மாற்றப்போகாத ஒரு கோப்புறையில் வைத்து, ஆண்டு-மாதம்-நாள்-பக்கம் என்ற ஒழுங்கில் பெயரிடுங்கள். கணினியே அவற்றைக் கால வரிசையில் அடுக்கிவிடும். நூலகம் எண்ணிம நூலகத்திலிருந்து எடுத்தவற்றுக்கு, அங்குள்ள ஆவண எண்ணையும் சேர்த்துக் குறியுங்கள்.

படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்ற, அதைக் கூகிள் டிரைவில் ஏற்றி கூகிள் டொக்ஸ் மூலம் திறந்து பார்க்கலாம். அண்மைக்கால அச்சில் இது நன்றாகவே வேலை செய்யும். உங்கள் பத்திரிகைகளிலோ ணை, லை, றா, னா முதலியவற்றின் பழைய வடிவங்கள் இருக்கும். மங்கிய மையும் நெருக்கமான பத்திகளும் சேர்ந்தால் பிழைகள் மலியும். இப்படிப் பெறும் உரையைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். மேற்கோளைப் படத்தைப் பார்த்தே படியெடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் உசாத்துணை கேட்பதையும் தவிருங்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் கொடுக்க அவை தயங்குவதில்லை.

குறிப்பு எழுதும்போது பிறர் சொற்களை மேற்கோட்குறிக்குள்ளும், உங்கள் எண்ணத்தை ‘என் கருத்து’ என்ற தலைப்பின் கீழும் எழுதுங்கள். ஓராண்டு கழித்து வாசிக்கும்போது இரண்டும் ஒரே குரலில் ஒலிக்கும்; கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டுகளில் பல இந்த மயக்கத்தில்தான் தொடங்குகின்றன.

அத்தியாயங்களை வேர்ட்டிலேயே எழுதலாம். தலைப்புகளுக்கு அதிலுள்ள தலைப்புப் பாணிகளைப் பயன்படுத்தினால் பொருளடக்கம் தானாக உருவாகும். சொட்டேரோ அமைத்த அடிக்குறிப்பின் மேல் கையால் தட்டச்சிட வேண்டாம். அடுத்த புதுப்பித்தலில் உங்கள் திருத்தம் மறைந்துபோகலாம். கோப்பை அப்படியே கூகிள் டொக்ஸுக்கு மாற்றினால் அந்த இணைப்புகள் அறுந்துவிடும் என்பதால், வேர்ட் கோப்பிலேயே திருத்தங்களைக் குறித்துத் தருமாறு மேற்பார்வையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘இறுதி’, ‘இறுதி புதியது’ என்று கோப்புகளுக்குப் பெயரிடாமல் திகதியிட்டுச் சேமித்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள் இருக்கட்டும்: ஒன்று மடிக்கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று வீட்டுக்கு வெளியே. மூன்றாவதற்குக் கூகிளின் இலவச 15 ஜிகாபைட் ஓரளவு உதவும். ஆனால் சொட்டேரோவின் தரவுக் கோப்புறையை டிரைவ், டிரொப்பொக்ஸ் போன்றவற்றின் ஒத்திசைவுக் கோப்புறைக்குள் வைக்காதீர்கள், தரவுத்தளம் பழுதடையக்கூடும். அதற்கு அதன் சொந்த ஒத்திசைவே பாதுகாப்பானது.

கொப்பிகளை முழுமையாகத் தட்டச்சிடுவது வீண் உழைப்பு. ஒவ்வொரு கொப்பிக்கும் ஓர் எண் கொடுத்து, பக்கங்களுக்கும் எண்ணிட்டு, எந்தப் பத்திரிகைக் குறிப்பு எந்தக் கொப்பியில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று ஓர் எக்செல் அட்டவணையில் பதியுங்கள். ஓர் அத்தியாயம் எழுதுகையில் தேவைப்படும் பக்கங்களை மட்டும் அவ்வப்போது கணினிக்கு மாற்றினால் போதும். ஆனால் அவற்றுக்கு வேறு பிரதி இல்லையென்றால், அட்டவணை தொடங்கும் முன்பே எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைத்துவிடுங்கள்.