தூக்க மாத்திரை பற்றி நீங்கள் கேட்டவை

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. 4 வருடமாக ராத்திரி அல்பிரசோலம் 0.5 மி.கி. போடுகிறார். போன மாதம் பாத்ரூம் போகும்போது விழுந்துவிட்டார். மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இத்தனை வருடம் பழகிய மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் படபடப்பு, கை நடுக்கம், முன்பைவிட மோசமான தூக்கமின்மை எல்லாம் வரும், சிலருக்கு வலிப்பே வந்துவிடும். அதே சமயம் உங்கள் சந்தேகம் நியாயமானது. வயதானவர்களின் உடம்பிலிருந்து இந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறும், நடுராத்திரி எழுந்தால் கால் தள்ளாடும், இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே ராத்திரி என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்றுதான். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வழி கேளுங்கள். சில வாரமும் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். ஒவ்வொரு முறை டோஸ் குறையும்போதும் இரண்டு மூன்று நாள் தூக்கம் கெடலாம், இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பயந்துபோய் பழைய அளவுக்கே திரும்பிவிடுவார். பாத்ரூம் போகிற வழியில் ராத்திரி முழுக்க ஒரு விளக்கு எரியட்டும்.

கேள்வி: அப்படியென்றால் இந்த மாத்திரைகளே கெட்டவையா?

இல்லை. நிற்காத வலிப்போடு தூக்கி வரப்படுகிறவருக்கு இதே குடும்பத்து லோராசிபாம் ஊசிதான் உயிரைக் காப்பாற்றுகிறது. வீட்டில் ஒரு சாவு விழுந்து பத்து நாளாகக் கண்மூடாதவருக்கும் சில நாள் கைகொடுக்கும். தூக்கத்துக்கென்றால் 2 முதல் 4 வாரம், அதற்கு மேல் போனால் பலன் குறைந்து பழக்கம் மட்டும் மிஞ்சும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரையே கிடையாது, தூக்கப் பழக்கங்களை மாற்றும் மனநல ஆலோசனைதான்.

கேள்வி: வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு பெக் போடுவேன். அன்றைக்கும் சோல்பிடெம் தூக்க மாத்திரை எடுக்கலாமா?

கூடாது. இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு தளர்ந்துவிடும். பலமாகக் குறட்டை விடுகிறவர் என்றால் குடிக்காத நாளிலும் ஆபத்துதான், டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். சோல்பிடெம் போட்டுவிட்டுத் தன்னை அறியாமல் எழுந்து நடந்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள்கூட உண்டு. ஒரே ஒரு முறை அப்படி நடந்தாலும் அடுத்த மாத்திரையைத் தொடாதீர்கள், உடனே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே தருகிறார்களே?

தரக்கூடாது. அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் எல்லாம் 2014 முதல் அட்டவணை எச்1-இல், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும்.