பின்வரிசையில் நின்று பாடுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவினரின் ‘லைஃப் ஆஃப் பிரையன்’ படத்தின் இறுதிப் பாடலை நண்பர் ஒருவர் யூட்யூபில் காட்டினார். சிலுவைகளில் தொங்குகிறவர்கள் சீழ்க்கையடித்தபடி, வாழ்க்கையின் நல்ல பக்கத்தையே பாருங்கள் என்று பாடுகிறார்கள். விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் காலையில் அதே மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கவனித்தபோது சுருக்கென்றது. என் அப்பா இறந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. சாவைக் கேலி செய்யும் பாட்டை ரசிப்பது பிழையா? பிறர் நம்பிக்கையைப் புண்படுத்தும் படம் என்கிறார்களே, அது சரியா? நண்பர், இதெல்லாம் வெறும் காமெடிதானே, யோசிக்க என்ன இருக்கிறது என்கிறார். பிரிட்டிஷ் நகைச்சுவைப் பாடல்களில் கேட்க வேண்டிய பத்தை நீங்கள் பட்டியலிட முடியுமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் அப்பாவின் மறைவுக்கு என் வருத்தங்கள். முதல் வருடம் அப்படித்தான் இருக்கும். சிரித்தால் நமக்கே குற்றமாகத் தோன்றும், சிரிக்காவிட்டால் வீட்டிலுள்ளவர்கள் கவலைப்படுவார்கள். கூட்டாகப் பாடும் வேடிக்கைப் பாடல்களைப் பற்றிச் சில காலமாகவே எனக்குள் ஓர் எண்ணம் ஓடிக்கொண்டிருந்ததால், உங்கள் கடிதத்தை ஒதுக்கி வைக்க முடியவில்லை. ஆனால் முதலில் உங்களைக் கொஞ்சம் திட்டியாக வேண்டும்.

ஒன்றரை மணிநேரப் படத்தின் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் பார்த்துவிட்டு, அது சாவைக் கேலி செய்கிறது என்று எப்படித் தீர்மானித்தீர்கள்? அந்தப் பாட்டு எதற்குப் பிறகு வருகிறது என்று நண்பரிடம் கேட்கக்கூடத் தோன்றவில்லையா? இயேசு பிறந்த அன்றே பக்கத்துத் தொழுவத்தில் பிறந்து, மீட்பர் என்று தவறாகக் கருதப்பட்ட பிரையன் சிலுவையில் தொங்கிக்கொண்டிருக்கிறான். அவனுடைய புரட்சித் தோழர்கள் வந்து, அவனுடைய தியாகத்தைப் பாராட்டும் இயக்க அறிக்கையைக் கம்பீரமாக வாசித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். விடுதலை ஆணையோடு வரும் ரோமானிய அதிகாரி பிரையன் யார் என்று கேட்க, வேறொரு சிலுவையிலுள்ள குறும்பன் நான்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறான். இன்னோர் இயக்கத்தின் தற்கொலைப் படை ஆவேசமாகப் பாய்ந்து வந்து, வந்த வேகத்தில் தன்னைத்தானே குத்திக்கொண்டு சாய்கிறது. காதலி வந்து பெருமைப்படுகிறாள், போய்விடுகிறாள். அம்மா வந்து திட்டுகிறாள், அவளும் போய்விடுகிறாள். இத்தனை பேரும் போன பிறகுதான், குழுவில் ஒருவரான எரிக் ஐடில் நடிக்கும் ஒரு கைதி, மனம் தளராதே என்று மெல்லப் பாடத் தொடங்குகிறான். ஒவ்வொரு சிலுவையாக அதில் சேர்ந்துகொள்கிறது. பிரையனை விட்டுப் போகாதவர்கள் அந்தப் பின்பாட்டுக்காரர்கள் மட்டுமே. அவர்களால் போக முடியாது என்பதில்தான் நகைச்சுவையே இருக்கிறது.

நம்பிக்கையைப் புண்படுத்துவது பற்றி நான் நீட்டி முழக்கப் போவதில்லை. 1979 இல் படம் வெளிவந்ததைத் தொடர்ந்து அயர்லாந்திலும் நார்வேயிலும் தடை செய்தார்கள், பிரிட்டனிலேயே சில நகர மன்றங்கள் திரையிட விடவில்லை; அதற்கு முன்பே தயாரிப்பு நிறுவனம் பின்வாங்கியதால், கதையைப் படித்து ரசித்திருந்த பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தம் சொத்தைப் பணயம் வைத்துப் பணம் போட்டார். படத்தில் இயேசு மலைப்பிரசங்கம் செய்யும் காட்சியும் உண்டு. அவர்மீது கேலியின் நிழல்கூட விழுவதில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டு, சமாதானம் செய்கிறவர்கள் பாக்கியவான்கள் என்பதைச் சீஸ் செய்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று காதில் வாங்கி (ஆங்கிலத்தில் ‘பீஸ்மேக்கர்ஸ்’, ‘சீஸ்மேக்கர்ஸ்’), அதற்கு வியாக்கியானமும் சொல்லிக்கொள்கிறவர்கள்மீதுதான் கேலி. பின்வரிசையில் நிற்கிறவர்களை இந்தக் குழு அளவுக்குக் கவனித்தவர்கள் குறைவு.

நான் சொல்ல நினைத்ததும் அந்தப் பின்வரிசையைப் பற்றித்தான். 1969 டிசம்பரில் பிபிசியில் ஒளிபரப்பான, இதே குழுவின் மரம்வெட்டிப் பாட்டைக் கேளுங்கள். மைக்கேல் பேலின் நடிக்கும் முடிதிருத்துபவர், இந்தத் தொழிலே எனக்கு ஆகாது, மரம்வெட்டியாக வேண்டும் என்பதே என் ஆசை என்று பாடத் தொடங்குகிறார். பின்னால் சிவப்புச் சீருடையில் கனடாவின் குதிரைப்படைக் காவலர்கள் அணிவகுத்து நிற்கிறார்கள். நான் மரம் வெட்டுகிறேன், மதிய உணவு உண்கிறேன் என்று அவர் பாடினால், அவன் மரம் வெட்டுகிறான், மதிய உணவு உண்கிறான் என்று குரல்கள் இசைந்து வழிமொழிகின்றன. அடுத்த சரணத்தில் அவர், பெண்களின் உடையை அணிந்துகொண்டு மதுக்கூடங்களில் சுற்றுவேன் என்கிறார். மெட்டு மாறவில்லை, தாளம் நிற்கவில்லை, வழிமொழிய வேண்டிய முறையும் வந்துவிட்டது. காவலர்கள் வழிமொழிகிறார்கள். முகங்களில் ஐயம் படர்கிறது. ஆனாலும் பாட்டு ஓடிக்கொண்டிருப்பதால் வாய் நிற்க மறுக்கிறது. தனிப்பாடகர் தம் ஆசையைச் சொல்கிறார், அவ்வளவே. அவர் சொல்வதில் மட்டும் பெரிய வேடிக்கை எதுவும் இல்லை. பாட ஒப்புக்கொண்ட ஒரே காரணத்தால், வருவதையெல்லாம் பாடியாக வேண்டிய அந்தக் கண்ணியமான மனிதர்களின் அவதியில்தான் சிரிப்பு முழுவதும் இருக்கிறது. மெட்டமைத்த ஃப்ரெட் டாம்லின்சன் தேர்ந்த பாடகர். பின்னால் நின்றவர்களும் அவருடைய குழுவின் உண்மையான பாடகர்கள். அவர்களுக்குப் பதில் நாலு நடிகர்களைக் கத்தவிட்டிருந்தால் அந்தப் பாட்டு மறுவாரமே மறக்கப்பட்டிருக்கும். 1970 இல் வந்த ஸ்பாம் பாட்டிலும் கதை இதுதான்: உணவுவிடுதியில் உட்கார்ந்திருக்கும் வைக்கிங்குகள் ஒரு டின் இறைச்சியின் பெயரை ஓதி ஓதி மற்றவர்களின் பேச்சை மூழ்கடிக்கிறார்கள். உங்கள் மின்னஞ்சலில் வந்து குவியும் குப்பைக்குப் பெயர் வந்தது அந்தப் பின்பாட்டிலிருந்துதான்.

இது அந்த மண்ணில் விளைந்ததற்குக் காரணம் உண்டு. மியூசிக் ஹால் என்ற பழைய பிரிட்டிஷ் கேளிக்கை அரங்குகளில் பல்லவி எப்போதும் பார்வையாளர்களுக்கு உரியதாக இருந்தது. 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டமோ, இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் ஒவ்வொரு நாளும் கூட்டு வழிபாட்டோடு தொடங்க வேண்டும் என்று விதித்தது. 1939 முதல் 1943 வரையில் பிறந்த பைத்தான்கள், அமெரிக்கரான ஒருவரைத் தவிர, அங்கே பள்ளிக்குப் போன காலம் அது. பொருள் பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும் நிமிர்ந்து நின்று, பக்கத்தில் இருப்பவனின் குரலோடு இழைந்து பாடப் பழகிய ஒரு தலைமுறை, அந்தப் பழக்கத்தையே வேடிக்கையாக்கியது.

எங்கள் ஊர் மிஷன் பள்ளியிலும் காலை வழிபாடு உண்டு; மெட்டு இங்கிலாந்திலிருந்து வந்தது, சொற்கள் தமிழ். உயரமானவர்களுக்குக் கடைசி வரிசை. என் பக்கத்தில் நிற்பவன், பாட்டில் ‘இரக்கம்’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘உறக்கம்’ என்று பாடுவான். முகத்தில் பக்தி வழியும், சுருதி இம்மியும் விலகாது. சில நாட்களில் எங்கள் வரிசை முழுவதும் ஆண்டவரிடம் உறக்கம் கேட்டு மன்றாடத் தொடங்கிவிட்டது. ஆர்மோனியம் வாசித்த ஆசிரியருக்கு எங்கோ இடிக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது; ஒவ்வொரு வாயாக உற்றுப் பார்ப்பார், பார்வை படும்போது அந்த வாய் மட்டும் இரக்கத்துக்குத் திரும்பிவிடும். அவன் ஒருமுறை பல்லைக் காட்டியிருந்தால் போதும், பிரம்போடு அன்றைக்கே முடிந்திருக்கும். அவன் கடைசிவரை சிரிக்கவில்லை.

ஐம்பது வயதுக்கு முன்பே அவன் போய்விட்டான். கல்லறைத் தோட்டத்தில் அதே பாட்டைப் பாடினார்கள். பழைய வரிசைக்காரர்கள் சிலர் வந்திருந்தோம். வழக்கம்போலப் பின்னால் நின்றோம். அந்த இடம் வந்தபோது என் வாயில் வந்தது உறக்கம்தான். பக்கத்தில் இருந்தவனுக்கும் அதுவே வந்தது. நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. அதை நீங்கள் கேலி என்பீர்களா?

எரிக் ஐடிலின் தந்தை விமானப் படையில் இருந்தவர். உலகப்போர் முழுவதும் உயிரோடிருந்துவிட்டு, 1945 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்காக வழியில் வந்த வண்டிகளில் ஏறி வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது சாலை விபத்தில் இறந்தார். மகனுக்கு அப்போது இரண்டு வயது. ஏழு வயதில் அவரை வுல்வர்ஹாம்ப்டனில் தந்தையில்லாப் பிள்ளைகள் பலர் இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தச் சிறுவன் வளர்ந்து எழுதிய பாட்டைத்தான் நீங்கள் முணுமுணுத்தீர்கள். 1982 மே மாதம் ஃபாக்லாந்து போரில் ஷெஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை ஏவுகணை தாக்கி 20 பேர் இறந்தபோது, எரியும் கப்பலில் மீட்புக்காகக் காத்திருந்த மாலுமிகள் இதைப் பாடினார்கள். பிரையனாக நடித்த கிரஹாம் சாப்மன் 1989 இல் இறந்தார். அவருடைய நினைவுக் கூட்டத்தில் தோழர்கள் கூடிப் பாடியதும் இதையே. ஹாரிசன் இறந்து ஓராண்டு நிறைந்த 2002 நவம்பர் 29 அன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் சிதார் கலைஞர் ரவிசங்கர் அந்த நாளுக்கென இயற்றிய இசையை அவர் மகள் அனுஷ்கா நடத்தி முடித்த பிறகு, அதே மேடைக்குப் பைத்தான்கள் வந்து மரம்வெட்டிப் பாட்டைப் பாடினார்கள். காவலர் வரிசையில் ஒருவராக டாம் ஹாங்க்ஸ் நின்றார். ஹாரிசனே 1976 இல் நியூயார்க்கில் அந்த வரிசையில் ஒரு காவலராக நின்று பாடியவர்.

ஆகவே குற்றவுணர்வுக்கு இடமில்லை. உங்கள் அப்பா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது; அவர் குளிக்கும்போது என்ன பாடுவார், எந்த வரியைத் தப்பாகப் பாடுவார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை யாராவது ஒருவர் தொடர்ந்து தப்பாகவே பாடிக்கொண்டிருக்க வேண்டும்.

பட்டியல் தர மாட்டேன். பத்துப் பாட்டுப் பட்டியல் கேட்கும் பழக்கத்தை விட்டொழியுங்கள். கேட்டு முடித்துவிட்டோம் என்று நினைப்பதற்கு மட்டுமே அது உதவும். நடிகர்கள் பீட்டர் செல்லர்சும் சோஃபியா லாரனும் 1960 இல் பாடிய ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’யை எல்லாப் பட்டியல்களிலும் பார்ப்பீர்கள். ஜார்ஜ் மார்ட்டினின் தயாரிப்பு நேர்த்தியானது, ஆனாலும் செல்லர்ஸ் பாவனை செய்யும் இந்திய மருத்துவரின் உச்சரிப்பைக் கழித்துவிட்டால் அதில் மிஞ்சுவது சொற்பம். பிற்காலத்தில் தெற்காசிய வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் நடிகர்கள் அந்தப் பெயரையே பிடுங்கித் தங்கள் நகைச்சுவைத் தொடருக்கு வைத்துக்கொண்டார்களே, அதுதான் அந்தப் பாட்டுக்கு நேர்ந்த நல்ல காரியம்.

வெறும் காமெடி என்று சொன்ன நண்பருக்கு நான் பதில் எழுதுவதாக இல்லை. சோகப் பாட்டில் ஒரு குரல் இடறினால் நெகிழ்ச்சி என்று மன்னித்துவிடுவார்கள். காவலர்களின் வரிசையில் ஒரு குரல் இடறினால் அங்கேயே சிரிப்பு செத்துவிடும். இது புரியாதவரை உட்கார வைத்து முழுப் படத்தையும் போட்டுக் காட்டுங்கள். துண்டுக் காட்சியைக் காட்டி உங்களைக் குழப்பிய குற்றத்துக்கு அது அவருக்குத் தண்டனையாக இருக்கட்டும். பிறகு எழுதுங்கள்.