ஹாட்லைன் போன் அல்ல

அன்புள்ள ஐயா,

சண்டை முற்றும் முன்பே பேசிவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பூர்வீக வீட்டைப் பாகம் பிரிப்பது பற்றி அண்ணனிடம் மூன்று முறை போனில் பேசினேன். ஒவ்வொரு முறையும் கத்தலில்தான் முடிந்தது. அமெரிக்க அதிபர் கென்னடியும் சோவியத் தலைவர் குருஷேவும் ஹாட்லைன் என்ற நேரடித் தொடர்பில் பேசித்தானே அணுப்போரைத் தவிர்த்தார்கள்? எங்களுக்கு ஏன் பேச்சு கைகொடுக்கவில்லை?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

1962 அக்டோபரில், சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்ததால் எழுந்த கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது, ஹாட்லைனே கிடையாது. அதற்கான ஒப்பந்தம் 1963 ஜூன் 20 அன்றுதான் ஜெனீவாவில் கையெழுத்தானது. அதுவும் சினிமாவில் வரும் சிவப்பு போன் அல்ல, டெலிபிரிண்டர்: இங்கே தட்டச்சு செய்தால் அங்கே அச்சாகும் கருவி. வாஷிங்டன் ஆங்கிலத்தில் அடிக்கும், மாஸ்கோ ரஷ்ய மொழியில் அடிக்கும். வாங்குகிறவர் மொழிபெயர்த்துப் படித்து, யோசித்துப் பதில் எழுத வேண்டியிருந்தது. குரல் வேண்டாம் என்று தெரிந்தேதான் முடிவு செய்தார்கள். அவசரத்தில் வாய் தவறும், தொனியைத் தப்பாக எடுத்துக்கொள்ள நேரும்.

நெருக்கடியின்போது நிலைமை இன்னும் மோசம். வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரின் தந்தியை வாங்கிப் போக தந்தி ஆபீஸ் பையன் சைக்கிளில் வருவானாம். அக்டோபர் 26 அன்று குருஷேவ் அனுப்பிய கடிதம் போய்ச் சேரவே பல மணி நேரம் ஆனது. கியூபாவைத் தாக்க மாட்டோம் என்று அமெரிக்கா சொன்னால் போதும், ஏவுகணைகளை எடுத்துவிடுவோம் என்கிற தொனி அதில். மறுநாள் இன்னொன்று, கறாராக: துருக்கியில் இருக்கும் உங்கள் ஏவுகணைகளையும் எடுங்கள். அன்றே கியூபா வானில் அமெரிக்க உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்தார். பதிலடி கொடுக்கச் சொல்லி தளபதிகள் நெருக்கினார்கள்.

கென்னடி முதல் கடிதத்துக்குப் பதில் எழுதினார். துருக்கி ஏவுகணைகள் போய்விடும் என்பதை அவர் தம்பி ராபர்ட் அன்றிரவு சோவியத் தூதரிடம் தனியாகச் சொன்னார், வெளியே தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு. மறுநாள் கியூபாவிலிருந்து ஏவுகணைகளை எடுக்க குருஷேவ் சம்மதித்தார். தந்தியை நம்பாமல், பதிலை மாஸ்கோ வானொலியிலேயே வாசிக்கச் செய்தார்.

சரி, உங்கள் விஷயம். அண்ணன் மூன்று முறை கத்தினார் என்கிறீர்கள். நடுவில் ஒரு வாக்கியமாவது இறங்கி வந்து சொல்லியிருப்பார். அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள், மற்றதெல்லாம் காதில் விழாத மாதிரி. எதையாவது விட்டுக்கொடுத்தால் சித்தப்பா, மாமா யாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை. வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். நீல டிக் விழுந்தும் பதில் இல்லையே என்று அடுத்த சண்டை கிளம்பும். தபாலில் போடுங்கள். இரண்டு மூன்று நாள் ஆகட்டும்.