பதில்: மகள் மர ஆக்டோபஸை நம்புகிறாள், எப்படிப் புரியவைப்பது?

உங்கள் மகள் இணையத்தில் பார்த்து நம்பும் மர ஆக்டோபஸ் என்று ஒரு பிராணியே கிடையாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காடுகளில் அது மரத்தில் வாழ்வதாகச் சொல்லும் அந்த இணையப் பக்கம் 1998-ல் லைல் ஜபாடோ என்ற புனைபெயரில் ஒருவர் வேடிக்கைக்காகப் போட்டது.

மகளைத் திட்டாதீர்கள். 2006-ல் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இணையத்தில் நன்றாக வாசிக்கிறவர்கள் என்று தேர்ந்தெடுத்த 25 ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதே பக்கத்தைக் கொடுத்தார்கள், ஒருவரைத் தவிர எல்லோரும் அதை 'மிகவும் நம்பகமானது' என்று மதிப்பிட்டார்கள். படம், அறிவியல் பெயர், 'அழியும் இனத்தைக் காப்பாற்றுங்கள்' என்ற உருக்கம் எல்லாம் பக்காவாக இருக்கும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

இரண்டு வேலை கொடுத்துப் பாருங்கள்.

1. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, பிராணியின் பெயரை மட்டும் வெளியே தேடச் சொல்லுங்கள். வருவதெல்லாம் ஒன்று அதே பக்கத்துக்குத் திரும்பும், இல்லையென்றால் 'இது புரளி' என்று சொல்லும்.

2. இதை வேட்டையாடும் விலங்கு எது என்று அந்தப் பக்கத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். சாஸ்க்வாட்ச்! அதாவது காட்டில் திரிவதாகக் கதை கட்டப்பட்ட ராட்சதக் குரங்கு மனிதன். என் அனுபவத்தில் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பிப்பது இங்கேதான்.

ஒன்று மட்டும் கவனம். 'ஆக்டோபஸ் தண்ணீரை விட்டு வெளியே வரவே வராது' என்று வாதாடினால் நீங்கள் தோற்பீர்கள், சில இனங்கள் அலை வடிந்த பாறைக் குட்டைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் ஊர்ந்து போகும். காட்டில் இருப்பது நன்னீர்தான், நன்னீரில் வாழும் ஆக்டோபஸ் ஒன்றுகூட இல்லை என்று சொல்லுங்கள், அது சரி. அப்புறம், விசித்திரமாக இருந்தாலே பொய் என்றும் பழக்கிவிடாதீர்கள், வாத்து போன்ற அலகுள்ள ஆஸ்திரேலியப் பாலூட்டியான பிளாட்டிபஸின் தோலை முதலில் பார்த்த ஐரோப்பிய அறிஞர்களே யாரோ வாத்து அலகை ஒட்டித் தைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள்.