கண்காட்சியில் கடை போட்டு உருவப்படம் வரைந்தால் வருமானம் வருமா?

ஆளைப் பார்த்தும் போட்டோ பார்த்தும் நன்றாக வரைவேன், கைவினைக் கண்காட்சிகளில் இடம் பிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பிடியுங்கள். ஆனால் அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் அன்றைய விற்பனை இல்லை, ஆர்டர்.

நான் ஓசூர்க்காரன். பெங்களூரு சித்ர சந்தேயில் ஐந்து முறை உட்கார்ந்திருக்கிறேன். கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் நடத்திவரும் ஓவியச் சந்தை அது. ஜனவரியில் ஒரு ஞாயிறு, குமாரகிருபா சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு ஓவியர்களை உட்கார வைப்பார்கள்.

முதல் முறை நடிகர்களின் முகங்களாகவே மாட்டினேன். பார்த்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள், போய்விட்டார்கள். மறு ஆண்டு எங்கள் பாட்டியின் மங்கிப்போன போட்டோவையும் அதைப் பார்த்து நான் வரைந்ததையும் அடுத்தடுத்து வைத்தேன். "எங்க அப்பாவையும் இப்படி வரைஞ்சு தருவீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

உட்கார வைத்து இருபது நிமிடத்தில் வரைய 300 ரூபாய் வாங்குகிறேன். பஸ், சாப்பாடு, தாள் செலவு அதில் அடங்கிவிடும், கூட்டமும் கூடும். ஏ3 அளவு பென்சில் படத்துக்கு 3,500, பாதி முன்பணம்.

பெரும்பாலும் இறந்துபோனவர்களின் படத்தைத்தான் கேட்பார்கள். கையில் இருப்பது கல்யாண குரூப் போட்டோவில் வெட்டிய ஒரு முகமாக இருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், இமைக்கோடு தெரியவில்லை என்றால் வேறு படம் கேளுங்கள், அதுவும் இல்லையென்றால் முன்பணம் வாங்காதீர்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும். செல்ஃபி என்றால் இன்னும் கவனம். ஒரு அம்மாவின் மூக்குத்தியைப் படத்தில் இருந்தபடியே வரைந்து அனுப்பினேன். அது இடவலம் மாறிய செல்ஃபி. மகள் பார்த்த உடனே சொல்லிவிட்டார். அழிக்க வழியில்லை, முழுசாக வேறு தாளில் வரைந்து கொடுத்தேன். அதிலிருந்து மூக்குத்தி, மச்சம், வகிடு எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் பென்சிலைத் தொடுகிறேன்.

அப்பாவையும் அம்மாவையும் தனித்தனிப் படங்களிலிருந்து ஒன்றாகச் சேர்க்கச் சொல்வார்கள். ஒருவர் முகத்தில் வெளிச்சம் இடமிருந்து, மற்றவருக்கு வலமிருந்து விழுந்திருக்கும். ஒருவருடைய நிழலை நாமே மாற்றிப்போட வேண்டும், அதற்குக் கூடுதலாகக் கேட்கலாம். வெறும் கோட்டுப்படத்தை முதலில் அனுப்பி, சரி என்ற பிறகே நிழல் போடுங்கள்.

கண்ணாடிச் சட்டம் போட்டு கூரியரில் அனுப்ப வேண்டாம். மேலே பட்டர் பேப்பர் வைத்து, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே அனுப்பினால் போதும். சட்டத்தை அவர்களே ஊரில் போட்டுக்கொள்வார்கள்.