ஜவ்வு ஆற ஏன் இத்தனை நாள்?

கேள்வி: நான் 41 வயது ஆசிரியை. இரண்டு மாதங்களுக்கு முன் படி இறங்கும்போது கணுக்கால் பிசகியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறிவு இல்லை, ஜவ்வுதான் கிழிந்திருக்கிறது என்றார்கள். அதே வாரம் கை எலும்பு முறிந்த பக்கத்து வீட்டுப் பையன் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு விளையாடுகிறான். எனக்கோ மாலையானால் இன்னும் வீக்கமும் வலியும். கொலாஜன் பவுடர் குடித்தால் சீக்கிரம் ஆறுமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: ஜவ்வு என்ற ஒரே சொல்லை நாம் பலவற்றுக்கும் சொல்கிறோம். முழங்காலில் தேய்வதும் ஜவ்வு, முதுகில் விலகுவதும் ஜவ்வு, கணுக்காலில் கிழிவதும் ஜவ்வு. முழங்காலில் தேய்வது குருத்தெலும்பு. முதுகில் விலகுவது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு. உங்களுக்குக் கிழிந்தது, எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் வேறு. குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்தால் கெட்டியான கயிறுபோல் தட்டுப்படுவது அதுதான். இவை எல்லாம் இணைப்புத் திசு என்ற ஒரே குடும்பம். எலும்பும், கொழுப்பும், ஏன், இரத்தமும்கூட இதில் சேர்த்தி.

இந்தக் குடும்பத்தின் அடையாளம், பெரும்பாலும் செல்கள் குறைவாகவும் அவற்றைச் சூழ்ந்த பொருள் அதிகமாகவும் இருப்பது. இழுவைக்கு ஈடுகொடுக்கக் கொலாஜன் நார்கள், நீண்டு சுருங்க எலாஸ்டின் நார்கள், இடையே நீரைப் பிடித்துவைக்கும் கூழ் போன்ற பொருள். அந்தச் சூழ்பொருளில் கால்சியம் உப்புகள் படிந்து இறுகினால் எலும்பு. அது திரவமாகவே இருந்தால் இரத்தம். தசைநாரில் கொலாஜன் நார்கள் கயிறு திரித்ததுபோல் நெருக்கமாக ஒரே போக்கில் கிடக்கின்றன.

உங்கள் கேள்விக்கான விடை இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. எலும்பு கல்லைப்போல் தோன்றினாலும் அதற்குள் இரத்தக் குழாய்கள் ஏராளம்; முறிந்த இடத்தில் புது எலும்பே வளர்ந்து கூடிவிடும். அதிலும் சிறுவர்களின் எலும்பு விரைவாகக் கூடும். தசைநாருக்கு வரும் இரத்தம் சொற்பம். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயே கிடையாது, மூட்டுத் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் கசிய வேண்டும். அதனால்தான் அது தேய்ந்தால் மீள்வது அவ்வளவு கடினம்.

கிழிந்த தசைநாரில் முதல் சில வாரங்களில் உருவாகும் கொலாஜன் மெல்லியது, கலைந்த நூல்போல் தாறுமாறாகக் கிடப்பது. உறுதியான நார்கள் அதன் இடத்துக்கு வந்து ஒழுங்குபடப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். நார்கள் எந்தப் போக்கில் அமைய வேண்டும் என்பதை அவற்றின்மேல் விழும் அளவான இழுவையே தீர்மானிக்கிறது. ஆகவே வலிக்குப் பயந்து காலை அசைக்காமலே வைத்திருப்பது தவறு. பிசியோதெரபி நிபுணர் சொல்லித்தரும் பயிற்சிகளை நாள்தோறும் செய்யுங்கள். சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நின்று பழகுவது மிக முக்கியம். அடுத்த முறை கால் பிசகாமல் காப்பது அந்தச் சமநிலைதான். சுளுக்கு வழிக்கிறேன் என்று அழுத்தி நீவ மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கொலாஜன் பவுடருக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. குடித்த கொலாஜன் குடலில் செரித்து, அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துதான் இரத்தத்தில் சேரும். அப்படியே போய்க் கணுக்காலில் ஒட்டிக்கொள்ளாது. முட்டை, மீன், பருப்பு, பால் ஆகியவற்றிலும் அமினோ அமிலங்கள் இருக்கின்றன. கூடவே வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல் உடலால் உறுதியான கொலாஜனை உருவாக்க முடியாது. அந்தக் காலக் கடலோடிகளுக்கு வைட்டமின் சி குறைவால் ஸ்கர்வி நோய் வந்தபோது, எப்போதோ ஆறிய புண்களின் தழும்புகள்கூட மீண்டும் திறந்துகொண்டன. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளைப் பிரித்துச் சோதித்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவர்தான் வேகமாகத் தேறினார்கள். நமக்கு நெல்லிக்காயும் கொய்யாவும் இருக்கின்றன, போதும்.

இருந்தாலும், இரண்டு மாதத்துக்குப் பிறகும் வீக்கம் இருப்பதால் எலும்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நடக்கும்போது கால் திடீரென்று நழுவுகிறதா, மூட்டு பூட்டிக்கொள்கிறதா, உள்ளே ஆழமாக வலிக்கிறதா என்பதை அவரிடம் சொல்லுங்கள். தசைநாருடன் குருத்தெலும்பும் அடிபட்டிருந்தால் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலுடன் மூட்டு சிவந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.